பேட்டரி ஆலையில் வேலைக்குச் சேர்கிறீர்களா? முதல் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியவை

பேட்டரி ஆலையில் புதிதாகச் சேர்ந்த சிலர் முதல் வாரத்திலேயே ஒன்று சொல்வார்கள்: நாக்கில் ஒரு தித்திப்பு. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் வெறும் சோறு லேசாக இனிக்கும். எனக்கும் அப்படி இருந்தது. பக்கத்தில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். "அது லெட்டுடா தம்பி, போகப் போகப் பழகிடும்" என்றார். அவர் சொன்னபடியே பழகிவிட்டது. தித்திப்பு தெரியாமல் போனதே தவிர, ஈயம் உள்ளே போவது நிற்கவில்லை.

எட்டு வருஷம் அங்கே இருந்தேன். என் ரத்தத்தை முதன்முதலில் சோதித்தது சேர்ந்து பதினான்கு மாதம் கழித்துத்தான். தாளைக் கையில் தரவில்லை. "நார்மல்" என்று சூப்பர்வைசர் சொன்னதோடு சரி. பிறகு ஒரு தரம் கெஞ்சிக் கேட்டு நகல் வாங்கிப் பார்த்தபோது அதில் 46 என்று இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் மறுநாளே வேறு பிரிவு கேட்டிருப்பேன். உங்களுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது எந்த ஈயம்?

நம் வீடுகளில் ஈயச் சொம்பில் ரசம் வைப்போம். அதனால் "ஈயம் என்ன செய்துவிடும்?" என்று பலர் நினைக்கிறார்கள். ரசச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயத்தால் உடம்புக்கு ஒரு துளி நன்மையும் இல்லை. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஓர் அளவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கலந்ததில் பாதி குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டால் வெளியேறப் பத்து, இருபது வருஷங்களுக்கு மேல் ஆகும். பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் கிடக்கிறது. ரத்தம் ஊறும் வேலையை அது கெடுக்கிறது, ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது, சிறுநீரகத்தையும் நரம்பையும் மெதுவாக அரிக்கிறது. ஆண்களுக்கு விந்தணு குறையும். பெண்களுக்குக் கருச்சிதைவு ஏற்படலாம். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பில் இருக்கும் பழைய ஈயம் ரத்தத்துக்குத் திரும்பி வந்து குழந்தைக்கும் போகும்.

இவ்வளவு நடந்தாலும் ரொம்ப நாளைக்கு எதுவும் வலிக்காது.

சேரும் முன் ரத்தம் கொடுங்கள்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் முதல் வேலை இதுதான். பிரிவுக்குள் கால் வைக்கும் முன் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். "பிளட் லெட் லெவல்" என்று கேட்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது வராது. பெரிய தனியார் லேப்கள் எடுத்துக்கொள்கின்றன. இப்போது எடுத்து வைத்தால்தான், நாளைக்கு எண் ஏறும்போது "இது நீ வெளியிலிருந்து கொண்டுவந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

ரத்தம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டியிருக்கும் தூசியும் சேர்ந்து எண் தப்பாக வரும். கை நரம்பில் ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்றால் குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஆலைக்குள்ளேயே மேசை போட்டு, யூனிஃபார்மோடு வரிசையில் நிற்க வைத்து எடுப்பது சரியில்லை.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் மாதாமாதம், எண் 10-க்குக் கீழே நின்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். தொழில் மருத்துவ வல்லுநர்கள் சொல்லும் கணக்கு இது. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் மறுபடி முதலிலிருந்து மாதாமாதம் பார்க்க வேண்டும்.

தாளில் உள்ள எண்ணை நீங்களே படியுங்கள்

"நார்மல்" என்ற சொல்லை நம்பாதீர்கள். எண்ணைக் கேளுங்கள். ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்பதுதான் அந்த எண்.

5-க்குக் கீழே இருப்பது நல்லது. 5-ஐத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் 5-ஐத் தொடவே கூடாது. 10-ஐ ஒட்டி வரும்போதே ரத்தக் கொதிப்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்குகின்றன. நான்கு வார இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனையிலும் 20 அல்லது அதற்கு மேல் வந்தால், அல்லது ஒரே பரிசோதனையில் 30-ஐத் தாண்டினால், ஈயம் இல்லாத இடத்துக்கு ஆளை மாற்ற வேண்டும் என்பது இன்றைய மருத்துவப் பரிந்துரை. 40-ஐத் தாண்டினால் தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், மறதி எல்லாம் எட்டிப் பார்க்கும். 80 என்றால் மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலை.

அப்புறம் ஏன் 46-ஐ நார்மல் என்றார்கள்? அமெரிக்காவில் 1978-இல் போட்ட விதிப்படி ஒருவருக்கு ஒரே பரிசோதனையில் 60 வந்தாலோ, பல பரிசோதனைகளின் சராசரி 50 வந்தாலோதான் கட்டாயமாக இடம் மாற்ற வேண்டும். அந்தப் பழைய எண்களையே பல ஆலைகள் இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றன. காற்றுக்கான அளவும் இப்படித்தான். நம் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு கன மீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராம் ஈயம் வரை போகலாம் என்று இருந்தது. அமெரிக்காவில் அது 50. கலிஃபோர்னியா 2025 ஜனவரியில் அதை 10 ஆக இறக்கியது. ஆகவே "சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, எண், அன்று எந்தப் பிரிவில் இருந்தீர்கள், அந்த மாதம் எத்தனை ஓவர்டைம். நாலு வரி எழுதினாலே எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

ஆலை முழுக்க ஆபத்து ஒரே மாதிரி இல்லை. ஈயத்தைப் பொடியாக்கும் ஆக்சைடு மில், அந்தப் பொடியைக் குழைத்துப் பிளேட்டில் பூசும் பேஸ்டிங், காய்ந்த பிளேட்டை வெட்டி பிரஷ் போட்டு அடுக்கும் இடம், அசெம்பிளி, இவைதான் தூசிப் பிரிவுகள். ஈயத்தை உருக்கி வார்க்கும் காஸ்டிங்கில் சட்டியின் சூடுதான் கணக்கு. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். 500-க்கு மேல் போகப் போகக் கண்ணுக்குத் தெரியாத புகை கூடும். அங்கே இன்னொன்றும் உண்டு: சட்டி மேலே படியும் கசடை வழித்துக் கொட்டும்போது எழும் சாம்பல் தூசி. புகையைவிட அதற்கு நான் அதிகம் பயப்படுவேன். சார்ஜிங் பிரிவில் ஈயம் குறைவு. அங்கே ஆசிட் ஆவிதான் தொல்லை, பல்லைக் கரைக்கும்.

பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். அதுவும் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு, போர்டு எதுவும் இல்லாமல் நடக்கும் இடம் என்றால், கூலி எவ்வளவு சொன்னாலும் போகாதீர்கள். செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாராய் என்ற இடத்தில் இப்படிப் பழைய பேட்டரி உருக்கிய மண்ணால் 2007 கடைசியிலிருந்து 2008-க்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

எக்ஸாஸ்ட் இழுக்கிறதா என்று பாருங்கள்

பிரிட்டனில் 1898-இல் தொழிற்சாலைகளுக்கு முதல் மருத்துவ ஆய்வாளராக வந்தவர் தாமஸ் லெக். ஈய நோயைப் பல வருஷம் பார்த்துவிட்டு அவர் சொன்னதன் சாரம் இது: தொழிலாளி தூசியையும் புகையையும் மூச்சில் இழுப்பதைத் தடுத்துவிட்டால் ஈய நோயே இருக்காது. அதற்கு முதலாளி தன்னால் ஆனதை எல்லாம் செய்யாதவரை, தொழிலாளி தனியாகத் தன்னைக் காத்துக்கொள்ள ஒன்றும் முடியாது. இத்தனை வருஷம் ஆகியும் இதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. மாஸ்க்கைவிட முக்கியம், தூசி கிளம்பும் இடத்திலேயே அதை இழுத்துக்கொள்ளும் எக்ஸாஸ்ட்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, நீங்கள் பிளேட் அடுக்கும் இடத்துக்கும் எக்ஸாஸ்ட் வாய்க்கும் நடுவே பிடியுங்கள். தாள் எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். தொங்கினால் அது வெறும் சத்தம் போடும் குழாய்தான். உங்கள் முகம் பக்கம் சாய்ந்தால், பின்னால் இருக்கும் ஃபேன் தூசியை உங்கள் மூக்குக்கே தள்ளுகிறது என்று அர்த்தம். வெயில் நாளில் எங்கள் பிரிவில் பெடஸ்டல் ஃபேனை எல்லோரும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வோம். என் எண் ஏறியதில் அந்த ஃபேனுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இப்போது நம்புகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. நைட் ஷிப்டில் கரண்ட் போய் லைட் அணைந்த நேரம் ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சக் கற்றை முழுக்க வெள்ளியைத் தூவினது போலத் தூசி மிதந்தது. பகலில் அங்கே காற்று சுத்தமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறது.

உலர்ந்த துடைப்பம் போடுவதையும் ஏர் கன்னால் ஊதுவதையும் கண்டால் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். ஷிப்ட் முடிந்ததும் ஏர் கன்னைச் சட்டை மேல் பிடித்துத் தூசி ஊதிக்கொள்வது நிறைய இடத்தில் வழக்கம். ஒருவர் ஊதினால் சுற்றி நிற்கும் நாலு பேர் மூச்சில் போகும். ஈரத் துணியோ, நுண்தூசியைப் பிடிக்கும் வேக்கம் கிளீனரோதான் சரி.

மாஸ்க்

கைக்குட்டை, துணி மாஸ்க், நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் ஈயத் தூசியைத் தடுக்காது. பி100 அல்லது பி3 ஃபில்டர் போட்ட ரப்பர் அரை முக மாஸ்க் கேளுங்கள். போட்டதும் ஃபில்டர் வாயை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது, மழித்தே ஆக வேண்டும். இடைவேளையில் மாஸ்க்கைக் கழற்றி மேசை மேல் கவிழ்த்து வைத்தால் உள்பக்கம் தூசி படிந்து, அடுத்த தரம் நேராக வாய்க்கே போகும். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கை, வாய், பீடி

பிரிவுக்குள் தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம். டீ வேண்டாம். பாக்கு, ஹான்ஸ், பீடி, சிகரெட் எதுவும் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. தூசி படிந்த விரலால் பீடியைப் பிடித்து உதட்டில் வைத்தால் ஈயம் வாய்க்கும் போகும், நெருப்பில் பட்டு நுரையீரலுக்கும் போகும்.

சாப்பிடப் போகும் முன் மாஸ்க்கையும் மேல் சட்டையையும் கழற்றிவிட்டு, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நகக்கண்ணை பிரஷ்ஷால் தேய்த்து, முகம் கழுவி, கடைசியில் வாய் கொப்பளியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருங்கள். நாம் சோற்றைப் பிசைந்து கையால் சாப்பிடுகிறவர்கள் என்பதால் இதில் ஒரு துளியும் அசட்டை கூடாது.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். காலி வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வெல்லம், வாழைப்பழம், பால்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆலைகளில் பாதுகாப்பு என்ற பேரில் அதிகம் நடப்பது இதுதான். ஷிப்ட் முடிவில் ஒரு துண்டு வெல்லம், ஒரு வாழைப்பழம், சில இடத்தில் ஒரு டம்ளர் பால். "எல்லாம் இறங்கிடும்" என்பார்கள். வெல்லம் ஈயத்தை இறக்காது. வாழைப்பழமும் இறக்காது. கால்சியமும் இரும்பும் குறைவாக உள்ள உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. அதனால் கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், தயிர், முட்டை, நெல்லிக்காய் என்று தினம் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூசியில் நிற்கலாம் என்று ஆகாது. பால் வாங்கும் காசில் எக்ஸாஸ்டில் தூசி பிடிக்கும் பையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அதைவிட ஆபத்தானது மாத்திரை. எண் ஏறும்போது ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்து, எண் இறங்கியதும் அதே இடத்துக்கு அனுப்புவது. அந்த மருந்துகள் சிறுநீரகத்துக்குச் சுமை. வேலையில் தொடர்ந்துகொண்டே முன்னெச்சரிக்கையாக அவற்றை எடுப்பதை மருத்துவம் ஏற்கவில்லை. அமெரிக்க விதி அதைத் தடையே செய்திருக்கிறது. முதல் மருந்து இடத்தை விட்டு விலகுவது. மாத்திரை கொடுத்தால் பேரைக் கேட்டு எழுதி வைத்து, வெளி டாக்டரிடம் காட்டுங்கள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் இந்த வேலையில் இருக்கும்வரை தொடாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்

பெரியவர் வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு போல உடம்பில் சேரும் என்றால், சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேரும். குழந்தையின் மூளை வளரும் வயதில் அது படிப்பையும் குணத்தையும் நிரந்தரமாகப் பாதிக்கும். பின்னால் எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது.

அதனால் ஆலையிலேயே தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு, வேறு துணி, வேறு செருப்புப் போட்டுக் கிளம்புங்கள். யூனிஃபார்மை ஆலைதான் துவைக்க வேண்டும். முடியவே முடியாது என்றால் பையில் கட்டிக் கொண்டுபோய், வீட்டில் உதறாமல் நேராகத் தண்ணீரில் போட்டு, மற்ற துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். வாசலில் "அப்பா" என்று ஓடிவரும் பிள்ளையைக் குளிக்காத உடம்போடு தூக்காதீர்கள். நான் தூக்கினேன். பெண்ணுக்கு மூன்று வயதில் பரிசோதித்தபோது 11 வந்தது. அவள் ஆலைப் பக்கமே போனதில்லை.

வண்டி சீட்டையும் டிபன் பையையும் மறந்துவிடாதீர்கள். இரண்டையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

டாக்டரிடம் போனால் முதல் வார்த்தை

வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, மலச்சிக்கல், மூட்டு வலி, அசதி, காரணமில்லாத கோபம், ரத்தசோகை. இவை எல்லாம் வேறு நூறு நோயிலும் வரும். அதனால் குடல்வால் என்றும் கேஸ் என்றும் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஈறு ஓரத்தில் நீலக் கோடு, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்குவது போன்றவை முற்றிய நிலையில் வருபவை. அதுவரை காத்திருக்கக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும், "நான் பேட்டரி ஆலையில் வேலை பார்க்கிறேன், ரத்தத்தில் ஈயம் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கான மையம் இருக்கிறது. உங்கள் டிஸ்பென்சரியில் அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரு கிட்டம். அங்கே தேசிய தொழில்சார் நல நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது.

காகிதத்தில் உங்களுக்கு உள்ள பலம்

ஈய நஞ்சு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் முதல் பெயர். அதன் இடத்தில் வந்திருக்கும் 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது அறிவிக்கப்பட வேண்டிய நோய்தான். வைத்தியம் பார்க்கும் டாக்டரே அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.-யின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் ஈயம் உண்டு. வேலையால் வந்தது என்று நிறுவப்பட்டால் ஊனப் பயன் கிடைக்கும். உங்கள் உடல்நலப் பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் கேட்டு மறுத்தால் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தமிழ்நாட்டில் புகார் போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

கான்ட்ராக்டில் இருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். மேஸ்திரி மாறினால் பதிவும் காணாமல் போகும். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், இ.எஸ்.ஐ. எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை பாதரசப் பிரச்சினையில் 2001-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு உடன்பாடு கையெழுத்தானது 2016-இல். பதினைந்து வருஷம் பொறுத்து நிற்கக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

வேறு உலோகமாக இருந்தால்

குரோம் பிளேட்டிங் என்றால் கையில் ஆறாத புண், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, நாளடைவில் நுரையீரல் புற்றுநோய் வரை போகலாம். நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் சிறுநீரகம். வெல்டிங் புகையில் உள்ள மாங்கனீஸ் நடுக்கத்தையும் நடைத் தடுமாற்றத்தையும் தரும். பாதரசத்துக்கும் நடுக்கம்தான் முதல் அடையாளம். பரிசோதனைகள் மாறும். எக்ஸாஸ்ட், மாஸ்க், கை கழுவுதல், வீட்டுக்குக் கொண்டுபோகாமை, எல்லாம் அப்படியே பொருந்தும்.

விலகும் நாளில்

கணக்கு முடிக்கும் முன் கடைசியாக ஒரு தரம் ரத்தம் கொடுத்து, தாளை வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த நாள் தாளோடு சேர்த்து ஆதார் அட்டை வைக்கும் உறையிலேயே வையுங்கள். எலும்பில் உள்ள ஈயம் அப்புறமும் கசிந்துகொண்டிருக்கும். எலும்பு முறிந்து நாள்கணக்கில் படுத்தாலோ, தைராய்டு கூடினாலோ, வயதாகி எலும்பு தேய்ந்தாலோ அது மறுபடி ரத்தத்தில் ஏறலாம். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் பாருங்கள். நான் விலகி ஆறு வருஷம் ஆகிறது. போன மாசம் எடுத்ததில் 14.